நல்லெண்ணத்துடன்

கிண்டி தொழிற்பேட்டை, மூன்றாவது மாடி.
வெள்ளிக்கிழமை ஒரு படம் வந்தால்
எங்களுக்குச் சனிக்கிழமை விடியாது.

ஒரு லிங்க்கைத் தூக்கினால் ஒன்பது முளைக்கும்.
பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு,
சமையல் குறிப்பு என்று வேஷம் போட்டுக்கொண்டு,
எங்கள் இயந்திரத்தின் கண்ணுக்குத் தப்ப
இடவலம் புரட்டிக்கொண்டு.
அந்தப் பிரதியில்
நாயகன் இடது கையால் சோறு பிசைவான்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டீஸ்.
ஒவ்வொரு நோட்டீஸிலும் அதே வரி:
'இந்தப் பயன்பாடு உரியவரின் அனுமதி பெறாதது என்று
நல்லெண்ணத்துடன் நம்புகிறேன்.'
கீழே என் பெயர், பியூலா தேவகிருபை.
நேற்று மட்டும் அறுநூற்றுப் பதினொரு முறை நம்பினேன்.
ஞாயிற்றுக்கிழமை சபையில்கூட
நான் இவ்வளவு நம்பியதில்லை.

பொய்யான வேலை இல்லை இது.
மாதவரத்து மனையை விற்றுப் படம் எடுத்த
சம்பந்தமூர்த்தி சார்
போன வாரம் ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்திருந்தார்,
திருட்டுத் தளத்தின் எண்ணிக்கையைப் பார்த்தபடி.
நாலு லட்சம். நாலு லட்சத்து இருபதாயிரம்.
"எவ்வளவு பேர் பார்க்கிறாங்க பாரும்மா" என்றார்.
அழுகிறாரா பெருமைப்படுகிறாரா
தெரியவில்லை.
தண்ணீர் கொடுத்தேன்.

அதிகாலை நாலேகால், தாம்பரம் வண்டி.
எதிரில் ஒருவர், சட்டைக் கையில் சுண்ணாம்பு.
ஃபோனில் அதே படம்.
பார்க்காமலே தெரியும் எனக்கு:
மேல் மூலையில் சூதாட்ட விளம்பரம்,
எங்கோ பக்கத்தில் உட்கார்ந்தவனின் இருமல்.

பரங்கிமலையில் படத்தை நிறுத்தினார்.
இரண்டு விரலால் ஒரு சுவரைப் பெரிதாக்கினார்.
நான் எட்டிப் பார்ப்பதைக் கவனித்து,
"இந்த ஓதம் இருக்கே, நான் போட்டது" என்றார்.
"டீத்தூள், கொஞ்சம் நீலம், மூணு நாள் வேலை.
சுவரே பிளைவுட்டும்மா.
பூந்தமல்லி ஷெட்டுல நின்னுச்சு."

ஏன் இதில் பார்க்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன்.
கேட்டது நானா, நோட்டீஸா, தெரியாது.

"மச்சான் வீட்டு டிவியில ஆப்புல பார்த்தேன்.
நல்லாத்தான் இருந்துச்சு.
பேர் ஓடற நேரத்துக்கு
படக்குன்னு அடுத்த படத்துக்குப் போயிடுச்சு.
இதுல கடைசிவரைக்கும் ஓடுது."

பழவந்தாங்கலில் நடிகர்கள் போனார்கள்.
மீனம்பாக்கத்தில் சண்டைக்காரர்கள்.
திரிசூலத்தில் சிக்னல் செத்து
வட்டம் சுற்றியது.
அவர் திரையை ஊதினார், அடுப்பை ஊதுவதுபோல.

பிறகு வந்தது.
கலை உதவி என்ற தலைப்பின் கீழ்
பன்னிரண்டு பெயரில் எட்டாவது,
எறும்பு அளவுக்கு: ம. குணாளன்.
பின்னால் இழுத்து மறுபடி பார்த்தார்.
மறுபடியும்.
பல்லாவரத்தில் அவசரமாக இறங்கினார்,
ஃபோனை இன்னும் நெஞ்சுயரத்தில் பிடித்தபடி.

என் கண்
அந்த லிங்க்கின் வால் எழுத்துகளை
வழக்கப்படி மனப்பாடம் செய்திருந்தது.

திங்கட்கிழமை வரிசையில் நாற்பத்தேழாவதாக வந்தது.
நல்லெண்ணத்துடன், என்று தொடங்கியதும்
கை கொஞ்சம் நின்றது. அவ்வளவுதான்.
அனுப்பினேன்.
ஒரு நிமிடத்தில் பக்கம் வெறும் வெள்ளை.

தேநீர் இடைவேளையில்
நான் சந்தா கட்டிய ஆப்பைத் திறந்து
படத்தின் வாலுக்குப் போனேன்.
அடுத்த படம் ஐந்து நொடியில் என்றது.
நான்கு. மூன்று.
ஓரத்தில், நகம் பட்டால்தான் கேட்கிற அளவில்,
ரத்து என்று ஒரு பொத்தான்.
அழுத்தினேன்.

பன்னிரண்டு பெயரும் தெளிவாக ஓடின.
எட்டாவதில் நிறுத்தி வைத்தேன்.
டீ ஆறிக்கொண்டிருந்தது.
இப்படி ஒரு பொத்தான் இருக்கிறது என்று
அவருக்குச் சொல்ல வேண்டும்.
நம்பர் வாங்கவில்லை.